மைதீன் குடித்த ஒரு மடக்கு

போன வாரம் மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த கம்பளியை மழை நனைத்துவிட்டது. உள்ளே கொண்டுவந்து போட்டதும் ஈரக் கம்பளி வாடை வீடு முழுக்கப் பரவியது. மனைவி ஜன்னலைத் திறந்தாள். எனக்கு அது தொண்ணூறுகளின் பாளையங்கோட்டை வாடை. இன்னும் சரியாகச் சொன்னால், மைதீனின் வியர்வை வாடை.

எங்கள் கல்லூரிக் கபடி அணியே மைதீனை நம்பித்தான் இருந்தது. மேலப்பாளையத்துக்காரன், பாடிப் போனால் ஆளைத் தொடாமல் திரும்பமாட்டான். நானும் அணியில் இருந்தேன், பெஞ்சில். அவனால் ஆட முடியாவிட்டால் இறங்க வேண்டியவன் நான். ஆகவே அவன் உடம்பின்மேல் என்னைப்போல் அக்கறை கொண்டவர் ஊரில் கிடையாது.

நாங்கள் ஆடிய போட்டிகளில் எடை வரம்பு உண்டு. போட்டியன்று காலை மிஷினில் ஏற்றிப் பார்ப்பார்கள், கூடினால் வெளியே. அதற்காக முந்தின நாட்களில் பட்டினி, தண்ணீரும் சொட்டுச் சொட்டாக. யாரும் அதைக் கொடுமை என்று நினைத்ததில்லை. "நோன்பே தேவலலே. அதுல சாயங்காலம் கஞ்சி உண்டு" என்பான் மைதீன்.

அந்த வருடம் இறுதி ஆட்டத்தைப் பார்க்க ரயில்வே அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவதாக இருந்தது. மைதீனின் வாப்பாவால் இனித் தறியில் உட்கார முடியாது. வேலை அவனுக்கு அன்றே வேண்டியிருந்தது.

ஆட்டத்தன்று விடியும்போது அரிசி மண்டித் தராசில் அவனை ஏற்றினோம். மண்டி அண்ணாச்சி படிக்கற்களை மாற்றி மாற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "அரை கிலோ கூடுது வே. மூட்டையா இருந்தா ஒரு குத்து அள்ளிரலாம்."

பி.டி. சார் சிரிக்கவில்லை. மைதீன்மேல் இரண்டு கம்பளிகளைச் சுற்றி ஆற்று மணலில் ஓடவிட்டார். துணைக்கு நானும் ஓடினேன்; சுயநலம்தான். கம்பளி நனைந்து கனத்த பிறகே சார் கை காட்டினார். "போதும்லே. பைய ஒடம்பக் கழுவிட்டு வா."

தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன் செய்கிற தப்பை மைதீன் செய்தான். ஆற்றில் முங்கினால் ஒரு மடக்குக் குடிக்காமல் எழும் பழக்கம் எங்களுக்கு இல்லை. எழுந்தபோது அவன் தொண்டை ஏறி இறங்கியதை சார் பார்த்துவிட்டார்.

"ஏலே, குடிச்சியா?"

"ஒரு மடக்குதான் சார்."

"ஒரு மடக்க இவ்வளவு நேரமாலே முழுங்குவ?"

மைதீன் அழுதுவிட்டான். "அழு, நல்லா அழு. கண்ணீரும் எடைதாம்லே" என்றபடி சார் அதே ஈரக் கம்பளிகளை மறுபடி சுற்றினார்.

மைதானத்து மிஷினில் முள் ஆடி ஆடி நின்றது. நடுவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் தட்டினார். மறுபடி பார்த்தார். "சரியா இருக்கு, இறங்கு. அடுத்த ஆள்."

மைதீன் நேரே குழாயடிக்குப் போனான். அவன் குடித்து முடிக்கும்வரை அணியே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. அன்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததுபோல நிம்மதியாக நான் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. கோப்பை கிடைக்கவில்லை. அவனுக்கு வேலை கிடைத்தது.

இப்போது அவன் மகன் கல்லூரிக்கு ஆடுகிறான். பழைய பட்டினி வழக்கம் போய்விட்டது. அது போனதற்காக வருந்திய ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. பையனுக்கு எடை பார்க்கும் காலையில் மைதீனுக்கு போன் செய்தேன்.

"மவன் எதுவும் சாப்ட்டானாலே?"

"நாலு இட்லி, ரெண்டு முட்டை. மாசம் பூரா அளந்து திங்கான். கடைசி நேரத்துல வாயக் கட்டுத சோலியெல்லாம் கிடையாது."

"தண்ணி?"

"பாட்டிலக் கையிலயே வச்சிட்டு அலையுதான். கேட்டா, தாகம் எடுக்கதுக்கு முந்தியே குடிச்சிரணுமாம்லே."