நாடாவில் பதிந்த இருமல்

உங்கள் பிள்ளைக்கு இருமல் வந்தால் நீங்கள் ஏன் ஸ்பெஷலிஸ்ட்டிடம் ஓடுகிறீர்கள்?

இதை என்னிடம் கேட்டவள் என் கணவருடைய அக்காவின் மகள். அயர்லாந்தில் மருத்துவம் கடைசி ஆண்டு படிக்கிறாள். நான் குடும்ப மருத்துவர். இருமலுக்கு மருந்து கொடுப்பது என் தொழில். என் மகளுக்கு இரண்டு வயது. குடும்ப மருத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பதை என் பதிலைக் கேட்ட பிறகு முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டு அவள் விமானம் ஏறிப் போய்விட்டாள். பதில் இன்னும் என்னிடம் இல்லை.

நானும் அங்கேதான் படித்தேன். பயிற்சியையும் அங்கேயே முடித்தேன். கல்யாணமாகிப் பினாங்குக்குத் திரும்பியபின், ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் கிளினிக்கில் அரை நாள் வேலை பார்க்கிறேன். அதன் உரிமையாளர் ஒரு மூத்த டாக்டர். அவரும் குடும்ப மருத்துவர்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு கேட்டு வருவார்கள். மருந்து வேண்டாம், ஊசி போட்டால் போதும் என்று சொல்கிற கிழவர்கள் வருவார்கள்.

நம் ஆட்களுக்கு டாக்டரில் இரண்டே ரகம். ஒன்று ஸ்பெஷலிஸ்ட். மற்றது சும்மா டாக்டர். கல்யாண வீடுகளில் என் மாமியார் என்னை அறிமுகம் செய்வதைக் கேட்க வேண்டும். "மருமக டாக்டர்தான். ஆனா சும்மா கிளினிக்ல." கேட்கிறவர்களும் துக்கம் விசாரிப்பதுபோலத் தலையாட்டுவார்கள்.

ஆனால் ஸ்பெஷலிஸ்ட் ஆகப் பையனுக்கு மார்க் போதவில்லையென்றால் இதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் கேக்கும் கையுமாக என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். வெளிநாட்டில் கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் மாதங்களில் எனக்கு ஞாயிறு தூக்கம் கிடையாது. குடும்ப மருத்துவப் பயிற்சிக்கான விண்ணப்பத்தில் என்ன எழுதுவது, நேர்முகத்தில் என்ன சொல்வது என்று நான் சொல்லித்தர வேண்டும். மறுத்தால் மாமியாருக்குத் தலைகுனிவு. அதனால் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு உட்காருவேன்.

"ஏன் குடும்ப மருத்துவம்?" என்று பையனைத்தான் கேட்பேன். பதில் அம்மாவிடமிருந்து வரும்.

"சின்ன வயசிலேர்ந்தே இவனுக்கு மனுஷங்கன்னா ஆசை, டாக்டர்."

"மனுஷங்க இல்லாத டிபார்ட்மெண்ட் ஏது அக்கா?"

"அதான் சொல்றேன்லா. மத்ததெல்லாம் ரொம்ப வருஷம் இழுக்கும். இது சீக்கிரம் முடிஞ்சிடும். அப்புறம் பொண்ணு பாக்கலாம்."

பையன் கேக்கைத் தின்றுகொண்டிருப்பான்.

எழுதிக்கொண்டு வருகிறவற்றில் தவறாமல் ஒரு தாத்தா இறந்திருப்பார். தாத்தாவைக் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்ட கருணை மிக்க குடும்ப டாக்டரைக் கண்டுதான் தம்பிக்கு இந்த ஆசை வந்திருக்கும். அப்படி ஒரு பையனின் எழுத்தில் உருக்கமாக இறந்துபோன தாத்தா, என் வீட்டு வாசலில் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

இந்த வரிசையில் ஒருவர், அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், டேப் ரெக்கார்டரோடு வந்தார். பையனைக் கூட்டி வரவில்லை. கேட்டதற்கு, அவன் பேட்மிண்டன் ஆடப் போயிருக்கிறான் என்றார்.

"நீங்க பேசுங்கம்மா, நான் குறுக்க எதுவும் கேக்க மாட்டேன். பையன் வீட்ல கேட்டு மனப்பாடம் பண்ணிக்குவான். இடம் கிடைச்சா தண்ணீர்மலைக்குப் பால்குடம்னு வேண்டியாச்சு."

முருகனுக்குப் பால்குடம், எனக்கு டேப் ரெக்கார்டர், பையனுக்கு பேட்மிண்டன். வேலை சரியாகப் பங்கிடப்பட்டிருந்தது. ஆனால் ஒரு காலத்தில் அவர் என் கணவருக்கு மேலதிகாரி. நேர்முகத்தில் பேசுவதுபோல ஆங்கிலத்தில் பேசினேன், நன்றாகவே பேசினேன். ஒரு தாய் என்ற முறையில், இருமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவளுடைய முகத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் அறிவேன் என்றேன். குழந்தைக்கு முதல் டாக்டர் குடும்ப டாக்டர்தான், அந்த வீட்டை அறிந்தவர் அவர்தான் என்றேன். நடுவில் என் மகள் அழுதாள். "சரி சரி, யாராவது பிள்ளையத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு வீட்டுப் பையன் வந்தான். மீசை அரும்பிய, ஆறடி உயரப் பையன். நேர்முகத் தேர்வு போலவே ஆங்கிலத்தில் கேள்வி கேட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தொடங்கினான்.

"ஒரு தாய் என்ற முறையில்..."

"யாருக்குப்பா தாய்?"

விழித்தான். பிறகு மிகவும் பணிவாகச் சொன்னான். "டேப்ல அப்படித்தான் ஆன்ட்டி இருக்கு."

நாடா வீடு வீடாகப் போயிருந்தது. பலகாரக் குறிப்பு கைமாறுவதுபோலப் பிரதிக்குப் பிரதி எடுத்திருந்தார்கள். கோயிலில் எனக்கு முகம் தெரியாத பெண்கள் ஏன் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தப் பையனைத் தொடர்ந்து பேசச் சொன்னேன். என் மகள் அழுத இடம் வந்ததும் நிறுத்தி, சற்று இடப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி தொடங்கினான். யாராவது பிள்ளையத் தூக்குங்க என்று மட்டும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவனுக்கு விவேகம் இருந்தது.

இப்படிப்பட்டவர்கள் குடும்ப மருத்துவம் வேண்டும் என்று வரிசையில் நின்றபோது, உண்மையிலேயே அதை விரும்பிய ஒருத்திக்கு வீட்டில் அனுமதி இல்லை. அவள்தான் என் நாத்தனார் மகள். வகுப்பில் முதல் வரிசை. இதயப் பிரிவுக்கு வா என்று அவளைப் பேராசிரியர்களே கூப்பிட்டார்கள். இதற்கிடையில் கோலாலம்பூரில் ஒரு வரன் வந்திருந்தது, இதய ஸ்பெஷலிஸ்ட்.

நாத்தனார் என் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ரெண்டு பேரும் ஸ்பெஷலிஸ்ட்டா இருந்தாதான் பொருந்தும்னு பையனோட அம்மா சொல்றாங்க. இவ என்னடான்னா உன்னைய மாதிரி ஆகணுங்குறா."

ஜாதகத்தில் அது எத்தனையாவது பொருத்தம் என்று கேட்கவில்லை.

"நீ சொன்னாக் கேப்பா. நீ பட்ட கஷ்டத்தச் சொல்லு. எம்.சி. எழுதியே கை தேஞ்சு போச்சுன்னு சொல்லு."

"சரிக்கா" என்றேன். என் முகத்துக்கு நேரே என் வாழ்க்கையை ஒரு எச்சரிக்கைப் பலகையாக மாட்டச் சொல்கிறார், நானும் ஆணி எடுத்துக் கொடுக்கிறேன்.

எதுவும் சொல்வதற்கு முன்பு அவளை ஒரு காலை கிளினிக்கில் உட்கார வைத்தேன். பார்த்துச் சலித்தால் என் வேலை மிச்சம் என்று நினைத்தேன். அன்று தொழிற்சாலைப் பெண் ஒருத்தி வயிற்றுவலி என்று எம்.சி. கேட்டாள். எழுதித் தந்திருக்கலாம். ஏனோ, வேலைக்குப் போகாத நாளிலும் வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கினாள். இரவு ஷிப்டில் சூப்பர்வைசர் செய்யும் தொல்லையைப் பற்றி அதுவரை வீட்டில்கூட அவள் வாய் திறக்கவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டும்வரை பேசினாள்.

அவள் போனதும் மூலையிலிருந்து என் நாத்தனார் மகள் சொன்னாள். "இதுக்குத்தான் மாமி எனக்கு இது வேணும்."

நாத்தனாரின் கட்டளையை நிறைவேற்ற வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"உங்க டேப்ப நானும் கேட்டேன். ரெண்டு பக்கமும்."

"எல்லாரும் ஒரு பக்கத்தோட நிறுத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

"ரெண்டாவது பக்கத்துல குழந்தைக்கு முதல் டாக்டர் குடும்ப டாக்டர்தான்னு சொல்றீங்க. அப்ப பாப்பா இருமுறா. உடனே மாமாகிட்ட, ஸ்பெஷலிஸ்ட்டுக்குப் போன் போடுங்க, இன்னிக்கே பாக்கணும்னு சொல்லுங்கங்குறீங்க. அப்புறம் திரும்பவும் லெக்சர்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

டாக்டர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைக்கு மருத்துவம் பார்க்கக்கூடாது, அது எல்லா நாட்டிலும் உள்ள விதி என்றேன். என் குரலில் பேராசிரியத் தோரணை வந்துவிட்டது.

"சரி மாமி. அப்ப இன்னொரு குடும்ப டாக்டர்கிட்ட போகலாமே. பக்கத்து ரூம்ல பெரிய டாக்டர் இருக்காரே."

பக்கத்து அறையில் அவர் ஒரு குழந்தையின் தொண்டையைப் பார்த்து, ஆ சொல்லு, ஆ சொல்லு என்று கெஞ்சிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. இந்த ஊரில் எத்தனையோ குழந்தைகள் அவர் கையில் வளர்ந்தவர்கள். என் மகளை ஒருநாளும் அவர் முன்னால் உட்கார வைத்ததில்லை.

"அம்மா சொல்றாங்கன்னு நான் விட மாட்டேன். ஆனா நீங்களே நம்பாத டாக்டரா நான் ஏன் ஆகணும்? அத மட்டும் சொல்லுங்க."

அன்றிலிருந்து பல பதில்களை முயன்று பார்த்துவிட்டேன். மாமியார் வற்புறுத்தினார் என்று சொல்லலாம். அவர் முதல்முறை வற்புறுத்தியது உண்மை. பிறகு போன மற்ற எல்லா முறைக்கும் கார் சாவியை எடுத்தவள் நான். முதல் பிள்ளை, பயம் என்று சொல்லலாம். கிளினிக்குக்கு வரும் தாய்மார்களுக்கும் முதல் பிள்ளைதான். பயப்படாதீர்கள் என்று அவர்களை இருமல் மருந்தோடு அனுப்பி வைக்கிறேன். அவர்கள் என்னை நம்பிப் போகிறார்கள். நாளையே நாத்தனார் மகளிடமும் யாராவது அப்படி ஒரு பிள்ளையைத் தூக்கி வருவார்கள்.

கேக்கோடு வந்த அம்மாக்களை நான் இகழ்வது இன்னும் குறையவில்லை. ஆனால் அவர்கள் ஒரு விஷயத்தில் நேர்மையானவர்கள். ஸ்பெஷலிஸ்ட் உசத்தி என்று வாயாலும் சொல்கிறார்கள், காலாலும் அங்கேயே போகிறார்கள்.

போன வாரம் அவள் தொலைபேசியில் அழைத்தாள். விண்ணப்பத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இதயப் பிரிவில் பேராசிரியர் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறாராம். "யோசிச்சீங்களா மாமி?" என்றாள். பாப்பாவுக்குச் சளி, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சளி உண்மைதான். யாரிடம் காட்டினேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அதற்கும் நான் வேறு எதையாவது சொல்லியிருப்பேன்.

விண்ணப்பி என்று சொல்ல எனக்கு ஆசை. சொன்னால் அந்தக் கேள்வி திரும்பி வரும். வேண்டாம் என்று சொன்னால் நாத்தனார் வீட்டில் பாயசம், எனக்கு நல்ல பெயர், ஊருக்கு நஷ்டம். ஒன்றும் சொல்லாவிட்டாலும் அதே பாயசம்தான்.

இதைப் படிக்கிறவர்களில் தாய்மார்கள் இருப்பீர்கள், டாக்டர்களும் இருக்கலாம். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? முதலில் என் மகளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய்விட்டு அப்புறம் அவளிடம் பேசவா, அல்லது என்னால் முடியவில்லை என்றே சொல்லிவிட்டு, நீ விண்ணப்பி என்று கேட்டுக்கொள்ளவா? தெரிந்தவர்கள் இரண்டு மாதத்துக்குள் எழுதுங்கள். ஸ்பெஷலிஸ்ட் யாரிடமாவது கேட்டுப் பார் என்று மட்டும் எழுதாதீர்கள்.