பழைய இரும்புக்குப் போகவிருந்த என் லாரி

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். நிலத்தை விற்று வாங்கிய லாரியில் இண்டூரிலிருந்து பொம்மிடி ரயிலடிக்கு நிலக்கடலை மூட்டைகள் ஏற்றிச் சென்றேன். என் மனைவி கண்ணம்மாளும் உடன் வந்தாள். தர்மபுரியை நெருங்கும்போது ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்தது. நின்று நின்று ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மெக்கானிக் இஞ்சின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இஞ்சின் ஹெட்டு வெடிச்சுப் போச்சுங்க. சண்டை முடியற வரைக்கும் சாமான் வராது. பழைய இரும்பு வெலைக்கு நானே எடுத்துக்கறேன்" என்றார்.

பக்கத்தில் வேறு பட்டறை இல்லை. லாரியை அங்கிருந்து நகர்த்தவும் வழியில்லை. வேறு கதியின்றிச் சம்மதிக்கவே வாயெடுத்தேன்.

"எங்க வெடிச்சிருக்குதுங்கண்ணா? காட்டுங்க" என்றாள் கண்ணம்மாள்.

"பிரிச்சாத்தாம்மா தெரியும்."

"பிரிச்சுப் போட்டுட்டா அப்புறம் வண்டி வூடு வந்து சேருமா?" என்று என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்குச் சுயபுத்தி வந்தது. ஹெட்டு வெடித்திருந்தால் இஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்க வேண்டும். எண்ணெயைப் பார்த்தேன், அதில் தண்ணீர் கலக்கவில்லை. ரேடியேட்டரின் மேல் குழாய் கையைச் சுட்டது, கீழ்க் குழாயோ சில்லென்றிருந்தது. தண்ணீர் சுற்றி வரவில்லை! கீழ்க் குழாயைக் கழற்றினேன். உள்ளே ரப்பர் உரிந்து மடங்கி வழியை அடைத்திருந்தது. அதை அறுத்தெறிந்து, குழாயை மாட்டித் தண்ணீர் ஊற்றினேன். வண்டி கொதிக்காமல் பொம்மிடி போய்ச் சேர்ந்தது.

இப்போது யாராவது இஞ்சினைப் பிரிக்கச் சொன்னால், எண்ணெயையும் இரண்டு குழாய்களையும் நானே பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறேன். கண்ணம்மாள் அருகிலிருந்தால் அவளையும் கேட்டுக்கொள்கிறேன்.