வார்டில் அவர் எனக்கு மூத்தவர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அதனால் எந்தக் கடதாசி கிடைத்தாலும் அம்மா லேமினேற் செய்வித்துவிடுவார். மனநல ஆதரவாளர் பயிற்சிச் சான்றிதழும் அப்படித்தான் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் போயிருந்தது. மனநோயில் கிடந்து தேறிய ஒருவன், இன்னும் அதில் கிடப்பவருக்குத் துணையாகப் போகிற வேலை. என் தகுதியில் பாதி படிப்பு, மீதி எனக்கு வந்த நோய். காட்டுவதற்குப் படிப்பைத்தான் எடுத்துப்போனேன்.

முதல் வீடு நீர்வேலியில். வாழைத்தோட்டக்காரர். இரண்டு மாதமாக மருந்துக் குளிசையும் இல்லை, கிளினிக்கும் இல்லை.

"இந்தச் செவ்வாய் போகாட்டி, போனமுறை மாதிரி நாலுபேர் பிடிச்சுத்தான் வானுக்குள்ளை ஏத்தவேணும்," என்றார் மனைவி, படலை வாசலிலேயே.

அவர் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்து, சான்றிதழை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, உது படிச்சதுக்குத் தந்தது. விசர் வந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

"வந்தது அண்ணை."

"முந்தியும் ஒருத்தர் வந்தவர். சப்பாத்திலை மண் படாமல் வரம்பிலை நிண்டுகொண்டு, 'உங்கடை கஷ்டம் எனக்கு விளங்குது' எண்டார்."

பயிற்சியில் எனக்கும் அதே வசனத்தைத்தான் தந்திருந்தார்கள். விழுங்கிவிட்டு, பையின் அடியில் ஒளித்திருந்த, என் நோயும் மருந்தும் எழுதிய கிளினிக் கொப்பியை நீட்டினேன். அவர் குந்தியிருந்து பக்கம் பக்கமாக வாசித்தார். என் சோதனைப் பேப்பரைக்கூட ஒருவரும் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கமாட்டார்கள்.

"உந்தக் குளிசைக்கு எச்சில் வடியுமே?"

"ஓம். தலையணையிலை துவாய் விரிச்சுத்தான் படுக்கிறனான்."

"எனக்கு ரண்டு துவாய். வார்டிலை எவ்வளவு நாள் கிடந்தனீர்?"

"மூண்டு கிழமை. இருபத்தொரு நாள்."

"கிழமையோ." கொப்பியை மூடினார். "நான் மூண்டு மாதம். அதுவும் ரண்டு தரம். செவ்வாய் உமக்கும் கிளினிக் எண்டு போட்டிருக்கு. தனியவே போறனீர்?"

"ஓம்."

"அது சரிவராது. நான் கூட்டிக்கொண்டு போறன். ஏழரைக்குச் சந்தியிலை நில்லும்."

செவ்வாய் நான் ஏழேகாலுக்குப் போனேன். அவர் எனக்கு முந்தியே நின்றார், தோய்த்த சேட்டுப் போட்டுக்கொண்டு.

"ஆர் ஆரைக் கூட்டியந்தது?" என்று கேட்டார் கிளினிக் தாதி. நான் வாயைத் திறந்தேன்.

"உவரை நான்தான்," என்றார். "சின்னப் பெடியன். ஒழுங்காக் குளிசை போடுறாரோ தெரியேல்லை."

நான் என் கொப்பியைத் தாதியிடம் நீட்டினேன்.

மருந்து வாங்கியபிறகு குழாயடியில் முதலில் என்னைக் குளிசை போடச் சொன்னார். வார்டில் செய்வதுபோல வாயைத் திறப்பித்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். திருப்தி வந்த பிறகுதான் தன்னுடையதை விழுங்கினார்.