ஓடிக்கொண்டிருந்த வண்டி

வெர்லின் ஸ்டக்கிக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் வேக்கர்டன் ஊரில் அது தெரியாதவர்கள் யாரும் இல்லை. காலையில் டாட்டியின் காபிக் கடையில் முட்டையும் உருளைக்கிழங்குப் பொரியலும் சாப்பிட உட்கார்ந்தான் என்றால், தட்டு காலியாவதற்குள் வாஷிங்டனில் இருக்கிற அத்தனை பேரையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். ஆள் கெட்டவன் இல்லை. மார்வ் டிட்மரின் கார் விற்பனை நிலையத்துப் பட்டறையில் முப்பது வருஷமாக மெக்கானிக். யாரிடமும் கைமாற்று கேட்டதில்லை. அரசாங்கத்திடம் சல்லிக்காசு இனாமாக வாங்கியதில்லை. இந்தக் கடைசிச் சங்கதியைச் சொல்லிக் காட்டாமல் மட்டும் அவனால் ஒரு வாரம் இருக்க முடியாது.

அப்படிப்பட்டவனுக்கு 2009-ஆம் வருஷத்துக் கோடை வந்து வாய்த்தது. இந்தியானா மாநிலத்தில் எங்கள் பக்கத்துக்குப் படியளந்ததே கேரவன் வண்டி செய்யும் தொழிற்சாலைகள்தான். அவை ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. வெர்லினின் மனைவி நாடீன், கேரவன் இருக்கைகளுக்கு உறை தைக்கும் வேலையில் இருந்தவள், வீட்டுக்கு வந்துவிட்டாள். மார்வின் பட்டறையில் ஐந்து மெக்கானிக்குகள் இருந்த இடத்தில் வெர்லினும் லைலும் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களுக்கும் பாதி நாள் வேலை கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பெட்ரோல் குடிக்கிற பழைய வண்டியை ஒப்படைத்துவிட்டுப் புது வண்டி வாங்கினால், நாலாயிரத்து ஐந்நூறு டாலர் வரை அரசாங்கமே கொடுக்கும். படுத்துக் கிடக்கிற வியாபாரத்தை எழுப்பி உட்கார வைக்க வேண்டுமாம். அதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. கொண்டுவருகிற பழைய வண்டி ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். வந்தபின் அது மறுபடி ரோட்டுக்குப் போகாதபடி அதன் இன்ஜினைக் கொன்றுவிட வேண்டும்.

வெர்லினுக்குக் கேட்கவா வேண்டும்!

"ஓடுற வண்டிய உடைச்சுப் போட்டுட்டு, புதுசு வாங்கக் காசு குடுக்குறானாம்! எவன் அப்பன் வீட்டுக் காசு? என் காசு! நான் பதினாலு வருஷமா ஒரே பிக்கப் வண்டிய ஓட்டுறேன். ஹார்லி புதுக் கார்ல சொகுசா போறதுக்கு நான் எதுக்குடா வரி கட்டணும்?" என்று மேஜையைத் தட்டினான்.

ஹார்லி வென்ஸ் வேலை போன வெல்டர். வெர்லினோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், வெர்லினைச் சீண்டுவதற்கென்றே கடைக்கு வருகிறவன். "டேய் மண்டு, நான் கார் வாங்குனா மார்வுக்கு வியாபாரம். மார்வுக்கு வியாபாரம்னா உனக்குச் சம்பளம். நீ சம்பளம் வாங்குனா டாட்டிக்கு வருமானம். பணம் இப்படிக் கைமாறுனாத்தான் ஊரு பிழைக்கும்" என்றான்.

"என்னமோ அவன் எனக்கு டிப்ஸ் அள்ளி வெக்கிற மாதிரி பேசாத," என்றாள் டாட்டி, காபியை ஊற்றிக்கொண்டே. கடையே சிரித்தது.

வெர்லின் சிரிக்கவில்லை. "அடுத்தவன் பையில கை விட்டு எடுக்குறதுக்குப் பேரு திருட்டு. சர்க்கார் முத்திரை குத்துனாலும் திருட்டுதான். அதை வாங்குறவனுக்கும் வெக்கம் இருக்கணும்," என்றான்.

அன்று பக்கத்து மேஜையில் லோரீன் ஹாப் டோஸ்ட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாடீனோடு இருக்கை உறை தைத்தவள், அவளோடேயே வேலை போனவள். கணவன் இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பாள். வெர்லின் சொன்னதைக் கேட்டு அவள் தலையாட்டினாள். அதைப் பார்த்து அவனுக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

திட்டம் தொடங்கிய மறுநாளே மார்வின் வாசலில் கூட்டம் அலைமோதியது. வாயால் திட்டினானே தவிர, அந்தக் கூட்டத்தால்தான் வெர்லினுக்கு முழுநாள் வேலை திரும்பக் கிடைத்தது. இன்ஜின்களைக் கொல்கிற வேலையும் அவன் தலையில்தான் விழுந்தது. ஆயிலை வடித்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடிக் குழம்பு போன்ற ஒரு ரசாயனத்தை ஊற்ற வேண்டும். பட்டறையில் அதைப் பாகு என்பார்கள். ஊற்றி, வண்டியை முடுக்கி, ஆக்ஸிலேட்டரை அமுக்கிப் பிடித்தால் சில நிமிடங்களில் உள்ளே எல்லாம் இறுகிப்போய் இன்ஜின் கதறி நின்றுவிடும். ஆயுள் பூராவும் இன்ஜினுக்கு உயிர் கொடுத்த கை அது. முதல் வண்டியை முடுக்க அவனுக்கு மனசே வரவில்லை. பத்தாவது வண்டிக்குப் பழகிவிட்டது. பாகை ஊற்றிக்கொண்டே லைலிடம் அரசாங்கத்தைத் திட்டுகிற அளவுக்குப் பழகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமையும் திட்டிக்கொண்டுதான் இருந்தான். "இந்தா பாரு லைல், இன்னும் அஞ்சு வருஷம் ஓடும் இது. எத்தனை ஏழைக்கு உதவும்! கொல்லுங்கிறான். படிச்ச முட்டாளுங்க!" இன்ஜின் சத்தத்துக்கு மேலே அவன் குரல் கேட்டது. கையசைத்துப் பேசினான், காலால் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். அவன் உட்கார்ந்திருந்த பழுப்பு வேன் ஒரு குலுங்கு குலுங்கி, கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றது.

நம்பர் பிளேட்டைக் கழற்றுவதற்கு முன்னால், உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று பின்கதவைத் திறந்தான். ஒப்படைக்க வருகிறவர்கள் வண்டியைத் துடைத்துக் காலி பண்ணிக் கொடுப்பார்கள். இதில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது சீருடை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சட்டையில் மருத்துவமனைச் சமையலறையின் பேரும், அதன் கீழே லோரீன் என்ற பேரும் தைத்திருந்தது.

வெர்லினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் மார்வ் ஒரு லாரி நிறையப் பழுப்பு வேன்களைச் சகாய விலைக்கு இறக்கி ஊரில் பாதிப் பேர் தலையில் கட்டியிருந்தான். லோரீனும் ஒன்று வாங்கினாள். அதை அன்று காலையில் பிரேக் கட்டை மாற்றுவதற்காக விட்டுப் போயிருந்தாள். கொல்ல வேண்டிய பழுப்பு வேன் இன்னும் பின்வாசலில் நின்றது. அவன் கொன்றது லோரீனுடையதை. சாவியில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்திருந்தால் போதும். பேச்சு சுவாரசியத்தில் அதைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை அவளுக்கு நாற்பது மைல் தள்ளிப் புது வேலை. அந்த வேனை விட்டால் அவளுக்குப் போக வழி கிடையாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

மார்வ் ஓடிவந்தான். பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அதெல்லாம் ஒரு நிமிஷம்தான், அவன் வியாபாரி.

"கதவைச் சாத்து," என்றான். "லைல், நீ போய்ச் சாப்பிடு. வெர்லின், இங்க பாரு. இன்ஜின் தானா இறுகி நின்னுருச்சுன்னு அவகிட்ட சொல்லிருவோம். இந்த வேனும் திட்டத்துக்குள்ள வருது. சர்க்கார் பணத்த வாங்கி அவளுக்கு ஒரு சின்னக் கார் குடுத்துருவோம்."

"சர்க்காருக்கு ஓடுற வண்டி வேணுமே?"

"ஓடுச்சுல்ல? காலைல அவதானே ஓட்டிட்டு வந்தா. ஓடுச்சுன்னு அவ கையெழுத்துப் போட்டா சரி."

"அவகிட்ட ஓடலைன்னு சொல்லணும், சர்க்கார்கிட்ட ஓடுச்சுன்னு சொல்லணுமா? மார்வ், அவளுக்குக் கடனே இல்லாம இருந்த வண்டி இது. புதுக் காரோட மிச்சப் பணத்துக்கு அவ அஞ்சு வருஷம் தவணை கட்டணும். நீங்களே ஒரு பழைய வண்டிய அவளுக்குச் சும்மா குடுத்துருங்க. தப்பு நம்மளோடது."

"நம்மளோடதா? உன்னோடதுப்பா," என்றான் மார்வ், குரலை உயர்த்தாமலே. "நான் அவளுக்கு வண்டி குடுக்கிறேன். நீ பட்டறைச் சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. நாடீனுக்குச் சக்கரை வியாதி, மருந்து எந்த வேலையில கிடைச்ச இன்ஷூரன்ஸ்ல வருதுன்னு யோசிச்சுட்டுச் சொல்லு."

வெர்லின் யோசித்தான். நெடுநேரம் யோசித்தான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்படியில்லை.

மத்தியானம் லோரீன் வந்தாள். திறந்து கிடந்த வேனையும் வெர்லினையும் மாறி மாறிப் பார்த்தாள். மார்வ் என்னென்னமோ விளக்கினான், அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "மார்வ் விக்கிறவரு, அவரு சொல்றது எனக்கு வேணாம். வெர்லின், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புறேன். இது அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான் லோரீன்," என்றான் வெர்லின்.

"ஒண்ணுமே பண்ண முடியாதா?"

"முடியாது."

இரண்டும் உண்மைதான். உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒரு மனுஷன் அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. அவள் சீருடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு மார்விடம் ஏதோ கேட்பதும், மார்வ் சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவதும், அவள் குனிந்து கையெழுத்துப் போடுவதும் தெரிந்தது. வெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனர்களைத் துடைத்தான்.

ஒருமுறை அவள் வீட்டுக்குப் போன் பண்ணினான். அவள் எடுத்து "ஹலோ" என்றதும் வைத்துவிட்டான். நாடீனிடமும் சொல்லவில்லை. காபிக் கடைக்குப் போனான், ஆனால் வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "என்ன, வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டியா?" என்று டாட்டி கேட்டாள். "சம்பளம் ஒழுங்கா வருதில்ல, அதான் கட்சி மாறிட்டான்," என்றான் ஹார்லி. வெர்லின் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். முன்பெல்லாம் பதிலுக்குப் பதில் மூக்கை உடைக்கிற ஆள் இப்படி அடங்கிப்போனதில் ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கோடை போய், மக்காச்சோளம் அறுவடையாகிக்கொண்டிருந்த ஒரு காலையில் லோரீன் கடைக்கு வந்தாள். வெளியே அந்தச் சின்ன வெள்ளிநிறக் கார் நின்றது. அவள் மெலிந்திருந்தாள். மருத்துவமனை வேலை போதாமல் சனிக்கிழமைகளில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளவும் போவதாக நாடீன் சொல்லியிருந்தாள்.

ஹார்லிக்குச் சும்மா இருக்க முடியுமா? "வாங்க மகராசி! வெர்லின் வரிப்பணத்துல வாங்குன வண்டி நல்லா ஓடுதா?" என்றான்.

கடை சிரித்தது. லோரீனுக்கு முகம் கழுத்து வரைக்கும் சிவந்துபோயிற்று. நேராக வெர்லினின் மேஜைக்கு வந்தாள். "கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்றாள் மெதுவாக.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தான் வெர்லின். அப்படி நினைத்ததும் ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. திட்டட்டும், அடிக்கட்டும், ஊரைக் கூட்டட்டும். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனான்.

காருக்குப் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிசைந்தாள். "ஹார்லி விளையாட்டுக்குச் சொன்னாலும் உண்மையத்தான் சொன்னான். உங்க முகத்துல முழிக்கவே எனக்கு வெக்கமா இருக்கு வெர்லின்."

"லோரீன்…"

"இருங்க, இப்ப சொல்லலைன்னா எப்பவும் சொல்ல மாட்டேன். அந்த வேன் ஓடலைன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஓடுற நிலையில ஒப்படைச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். மார்வ் பரவாயில்லைன்னாரு. வேலைக்குப் போகணுமேன்னு போட்டுட்டேன். பொய்யின்னு தெரிஞ்சேதான் போட்டேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க முன்னாடி நின்னு, பொய் சொல்லாதீங்கன்னு சொல்ல வாய் வரல. அந்த வகுப்பையே விட்டுட்டேன். நீங்க நினைச்சிருந்தா என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம். உங்க காசத்தான் திருடியிருக்கேன், ஆனாலும் நீங்க வாயே திறக்கல." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னை மன்னிச்சிருங்க."

நீ போட்டது பொய்க் கையெழுத்து இல்லை, உன் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, நான்தான் கொன்றேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அதைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவள் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிமிர்ந்து நிற்பாள். அவன் வாயைத் திறந்தான். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஹார்லியும் டாட்டியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைச் சாவி சட்டைப்பையில் கனத்தது.

"விடுங்க லோரீன்," என்றான்.

"அப்படி இல்ல. வாயால சொல்லுங்க. அப்பத்தான் எனக்கு மனசு ஆறும்."

வெர்லின் தொப்பியைத் தலையில் வைத்தான். மறுபடி எடுத்தான். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டேன்," என்றான்.

லோரீனின் முகம் தெளிந்துவிட்டது. அவன் கையை இரண்டு கையாலும் பிடித்து, "நீங்க பெரிய மனுஷன் வெர்லின்," என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று காரில் ஏறினாள். சாலையில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். அவனும் கையை ஆட்டினான்.