இடது பக்கம் திரும்பாத வண்டி

அன்று உத்திரமேரூர் மெக்கானிக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், மெக்கானிக் தம்பி, என் மொபட்டை விலை பேசி அட்வான்ஸ் கொடுத்திருந்த மானாம்பதி அண்ணன், பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஒரு பால்காரர். பால்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் நான் அழுததை அவரும் பார்த்தார், அதனால் அவரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். முப்பத்தாறு வயதில்தான் வண்டி ஓட்டப் பழகினேன். தையல் கம்பெனிக்குள் எட்டரைக்கு முன் போகாவிட்டால் அரைநாள் சம்பளம் போய்விடும். எங்கள் ஊருக்குப் பஸ் ஒன்பது மணிக்குத்தான். பழையதாக வாங்கிய அந்த மொபட் இருந்தால்தான் எனக்கு வேலை.

வாங்கி ஒரு மாதத்தில் அது நடுரோட்டில் நிற்கத் தொடங்கியது. மிதித்தால் மறுபடி கிளம்பும். தம்பி பிளக் மாற்றினான், கார்புரேட்டரைக் கழுவினான். கடையில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. பெருநகர் ஊருக்குப் போகும் ரோட்டில் ஒருநாள் பின்னால் நெல் லாரி வரும்போதே நின்றுவிட்டது. அதைக் கேட்டதிலிருந்து வீட்டுக்காரர் வண்டியை விற்றே தீருவது என்றார். கோபத்தில் இல்லை, அவருக்கும் பயம்.

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. இடது பக்கம் திரும்பும்போது மட்டும்தான் நிற்கிறது. சொன்னால் சிரிப்பார்களே என்று வாயைத் திறக்கவில்லை. எஞ்சினுக்கு இடது வலது எப்படித் தெரியும்? இடது திருப்பம் குறைவாக இருக்கும் வழியாக ஏரிக்கரையைச் சுற்றிப் போய்வந்தேன். தப்பவே முடியாத திருப்பத்தில் இறங்கித் தள்ளினேன்.

மானாம்பதி அண்ணனிடம் வீட்டுக்காரர் மறைக்கவில்லை, எப்போதாவது நிற்கும் என்று சொல்லியிருந்தார். அன்று கடை வாசலில் அண்ணன் ஓட்டிப் பார்த்தார். நேராகப் போய், வலதில் சுற்றி வந்து, தலையாட்டினார். வேலைக்குப் போகும் மகளுக்காக வாங்குவதாகச் சொன்னார். அந்தப் பெண் லாரிக்கு முன்னால் இடதில் திரும்புவது கண்ணுக்குத் தெரிந்தது.

"லெஃப்ட்ல ஒடிச்சா நின்னுபூடும்ணா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. தம்பி வண்டியைக் கிளப்பி, ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுக்கத் திருப்பினான். எஞ்சின் அடங்கியது. நேராக்கி மிதித்தான், ஓடியது. மறுபடி திருப்பினான், அடங்கியது.

"இத்த ஏன்க்கா மொதல்லயே சொல்லல? ரெண்டு பிளக் தண்டமா பூட்ச்சே."

ஹெட்லைட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்தவன் ஒரு கருப்புக் கயிற்றை விரலால் நெம்பிக் காட்டினான். வண்டி வாங்கிய அன்று திருஷ்டிக்காக நான் கட்டியது. மற்றவர்கள் கண்ணாடியில் ஒரு முடிச்சு போடுவார்கள். எனக்கு அது போதவில்லை. ஹேண்டில்பாரின் கழுத்தில் ஏழு சுற்று சுற்றி, பல்லால் இழுத்து இறுக்கியிருந்தேன். உள்ளே போகும் ஒயர்களும் அதில் மாட்டிக்கொண்டன. இடதில் திருப்பத் திருப்ப இழுபட்டு, ஒரு ஒயரின் மேல்தோல் தேய்ந்து, உள்ளிருந்த செம்பு வண்டியின் இரும்பில் பட்டிருக்கிறது. பட்டால் பிளக்கில் பொறி வராதாம்.

"வண்டிக்கே தாலி கட்டிக்கீறியேக்கா."

வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். பால்காரரும் சிரித்தார்.

கயிற்றை அறுத்து ஒயருக்கு டேப் சுற்றக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. நான் இடது பக்கம் பத்துத் தடவை திருப்பிப் பார்த்தேன். நிற்கவில்லை. ஆனால் வண்டியை இப்போது அண்ணன் கேட்டால் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நீ சொல்லலன்னா எம் பொண்ணு உயுந்திருப்பா. நீயே வெச்சிக்கமா, அட்வான்ஸ மட்டும் குத்துடு" என்றார்.

வாங்கியிருந்தது இரண்டாயிரம். அதில் தொள்ளாயிரத்துக்கு முந்தின நாள்தான் கேஸ் சிலிண்டர் எடுத்திருந்தோம். இருந்ததை அங்கேயே எண்ணிக் கொடுத்தோம். மீதியைச் சம்பளம் வாங்கும்போதெல்லாம் நானே மானாம்பதிக்கு அந்த வண்டியில் போய்க் கொடுத்துவருகிறேன். அவர் தெருவுக்கு இடதில்தான் திரும்ப வேண்டும். இதுவரை ஐந்நூறு கொடுத்தாகிவிட்டது. பாக்கி நானூறு ரூபாய்.