வருசப்பிறப்பன்று நான் நாட்டின் கரண்டை நிறுத்திய கதை

சித்திரை வருசப்பிறப்புக்கு முதல்நாள் கைபேசிக்கு மின்சார சபையின் செய்தி ஒன்று வந்தது. விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டு. மின்சாரம் வேண்ட ஆளில்லை, வெயிலோ மிச்சம். ஆகவே கூரையில் சோலார் பூட்டியவர்கள் பகலில் அதை நிறுத்தி வைக்கட்டாம். இல்லாவிட்டால் மின்சாரம் அளவுக்கு மிஞ்சி, நாடு முழுக்க இருண்டு போகலாமாம். எங்கள் ஊர் கரம்பொனில் என் கூரையிலும் சோலார் தகடுகள் இருக்கின்றன. ஆயுளில் முதல்முறையாக நாட்டின் தலைவிதி என் கைக்கு வந்ததில் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

மறுநாள் காலை, மனைவியின் தமக்கை வீட்டுக்குப் போக அனலைதீவுப் படகில் ஏறினோம். பாதிக் கடலில்தான் யோசனை வந்தது: சோலாரை நிறுத்தினேனா? வாய்விட்டே முணுமுணுத்தேன். படகைத் திருப்பச் சொல்லலாமென்றால், ஓட்டியின் முகம் இடம் தரவில்லை. மனைவி கடலைப் பார்த்தபடி இருந்தாள்.

மத்தியானம் முதல் பிடி சோறு வாய்க்குப் போகமுன் தலைக்கு மேலே மின்விசிறி நின்றது. எனக்கு மூச்சும் நின்றது. கொழும்பு ஆஸ்பத்திரிகளும் லிப்டுக்குள் மாட்டியவர்களும் கண்முன் வந்தார்கள். முழு நாட்டையும் நானே நிறுத்திவிட்டேன் என்று அறிவித்தேன்.

தமக்கையின் புருசன், என் சகலன், பருப்பைக் குழைத்தபடி நிமிர்ந்தார்.

"எங்கட தீவுக்கு வெளியிலை இருந்து கம்பி வாறேல்லை. இஞ்சை எஞ்சினும் தகடும் பற்றறியும் எங்களுக்கெண்டு தனியக் கிடக்கு. அது இடைக்கிடை இப்பிடி நிண்டு வரும். உம்மட கரண்டுக்கு நீந்தத் தெரியுமே?"

சொல்லி முடிக்கமுன் விசிறி சுற்றத் தொடங்கிவிட்டது. எனக்கு ஆறவில்லை. கரம்பொனில் பக்கத்து வீட்டு அண்ணைக்கு அழைத்தேன். அங்கே தொலைக்காட்சியில் படம் ஓடுகிறதாம். நிம்மதிதான்; ஆனாலும் என் தகடுகளுக்கு இவ்வளவுதானா பலம் என்று உள்ளே ஒரு சின்ன ஏமாற்றம். எதற்கும் மதிலேறிப் போய், சோலாரை நிறுத்தும் ஆளியைப் பார்க்கச் சொன்னேன்.

சகலன் விடவில்லை. பகல் வெயிலைப் பற்றறியில் போட்டுவைத்துப் பொழுதுபட்டபின் கொடுப்பவனுக்குக் கூடின விலை கொடுத்தால், ஒருவரையும் நிறுத்தச் சொல்லத் தேவையில்லையாம். "பகலுக்கும் இரவுக்கும் ஒரே விலை எண்டால் ஆர் பற்றறி வேண்டுவான்?" என்றார்.

மனைவி ரசத்தை ஊற்றினாள். "கதவு பூட்டேக்கை நானே சோலாரை நிப்பாட்டிப்போட்டுத்தான் வந்தனான்."

"படகிலை சொல்லியிருக்கலாமே?"

"நாட்டைக் காப்பாத்திற ஆளைக் குழப்பக் கூடாதெண்டு விட்டனான்."

கைபேசியில் அண்ணை, மதிலில் ஒரு காலைப் போட்டுவிட்டதாக மூச்சிரைக்கச் சொன்னார். இறங்கச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஏறினது ஏறினபடி ஒருக்கால் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.