தட்டில் தெரிந்த சிவப்புப் பொட்டு

லேசரை இயக்குமுன் சரிபார்க்க வேண்டியவற்றை எழுதி மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தேன். ஒன்று, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தாயிற்றா. இரண்டு, ஒளி போய் முடியும் இடத்தில், அதை விழுங்கிக்கொள்ள, கறுப்புப் பூசிய செங்கல் இருக்கிறதா. மூன்று, மேசைமேல் பளபளப்பான பொருள் எதுவும் இல்லையே. நான்கு, கதவு தாழிட்டிருக்கிறதா. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான்கையும் டிக் செய்தேன். பிறகு சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது டிக்குகள் அப்படியே இருந்தன. கதவை மட்டும் மறுபடி தாழிடவில்லை.

விவேக் நகரில் அண்ணன், அண்ணியோடு இருக்கிறேன். வைட்ஃபீல்டில் எல்.இ.டி. விளக்குகளுக்கு மின்சுற்று வடிவமைக்கும் வேலை. பச்சை லேசர் என் சொந்த ஆசை. ஒரு டையோடு அகச்சிவப்பு ஒளியை உமிழும். அது இரண்டு சிறு படிகங்களுக்குள் புகுந்து பச்சையாக வெளிவரும். டையோடுக்கு மின்னோட்டம் ஏறாமல் இறங்காமல் போக வேண்டும். அதற்கான டிரைவர் என்ற மின்சுற்றையும் நானே கட்டினேன். அன்று டிரைவரைச் சோதிப்பதற்காகப் படிகங்களைக் கழற்றியிருந்தேன். டையோடின் ஒளி நேராக வெளியே வந்துகொண்டிருந்தது. மீட்டரில் ஒரு ஆம்பியர். எண் அசையவே இல்லை. நான் அதை ரசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி உள்ளே வந்து, கொய்யாத் துண்டுகள் வைத்த பளபளக்கும் எவர்சில்வர் தட்டை மேசையில் ஒளி போகும் வழியில் வைத்துக் குனிந்தார்.

"எங்க, பாப்பா, உன் பச்சை லைட்டு? செவப்பா ஒரு பொட்டுதான் தெரியுது. இதுக்கா ரெண்டு மாசமா கதவை சாத்திக்கிட்டு இருந்தே?"

சுவிட்சை அணைத்தேன்.

அந்த ஒளியில் மிகச் சிறிய பங்குதான் கண்ணுக்குத் தெரியும். மங்கலாக ஒரு பொட்டு தெரிந்தால் அங்கே உண்மையில் இருப்பது பல மடங்கு. கூசாது என்பதால் இமை மூடாது. விழித்திரை வெந்தாலும் வலிக்காது. வீட்டில் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றே ஒன்று. அது என் முகத்தில் இருந்தது. அண்ணி தையல்காரர். ரவிக்கைகளில் மணி கோத்துத் தைப்பவர்.

"பொட்டு எங்க தெரிஞ்சுது அண்ணி? தட்டு மேலயா, நேரா கண்ணுலயா?"

"தட்டுலதான். இல்ல... தெரியலம்மா. யாரு கவனிச்சா?"

"எவ்ளோ நேரம் பாத்தீங்க?"

"ஒரு பொட்டைப் பாக்க எவ்ளோ நேரம் ஆகும்? போலீஸ்காரி மாதிரி கேக்குறே."

கட்டம் போட்ட தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். கோடுகள் வளைகின்றனவா, எங்காவது அறுபடுகின்றனவா? வலது கண்ணில் சரியாக இருந்தது. இடது கண்ணில் பார்த்தபோது அண்ணி தாளைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"நடுவுல கொஞ்சம் மங்கலா இருக்கு."

ஆட்டோவில் கண் மருத்துவமனைக்குப் போனோம். கண் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை மனதில் வரிசைப்படுத்தினேன்: ஒளியின் அலைநீளம், மின்னோட்டம், தூரம், எத்தனை நொடி. கடைசி இடம் காலியாகவே இருந்தது.

அண்ணி என் முகத்தைப் பார்த்துக் கேலியை நிறுத்திவிட்டார். "சும்மா பயமுறுத்தாத. நான் தைக்க முடியுமா, முடியாதா? அதைச் சொல்லு."

டாக்டர் கூப்பிட்டதும் அண்ணியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

விழித்திரையில் காயம் எதுவும் தெரியவில்லை என்றார் டாக்டர். இடது கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது, அந்த மங்கல் முன்பே இருந்ததாக இருக்கலாம்; எதற்கும் இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லோடு இரண்டு வாரம் இருந்தேன். தினமும் காலையில் தாளை நீட்டினேன். அண்ணி தினமும் திட்டிக்கொண்டே பார்த்தார். இரண்டாவது பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை.

டையோடு இப்போது கம்பிகள் கழற்றப்பட்டு ஒரு டப்பாவில் கிடக்கிறது. அண்ணி புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்க எத்தனை முறை ஆகிறது என்று அறை வாசலில் நின்று எண்ணுகிறேன். நேற்று மூன்று முறை தவறியது. நான்காவதில் கோத்துவிட்டுத் திரும்பினார்.

"வேணும்னேதான் விட்டேன். உன் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கத்தான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மூன்றுமே வேண்டுமென்று விட்டவைதானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.